மங்களா சத்திரத்தில் நார்த்தங்காய்

‘மங்களா சத்திரம்’ என்ற நாவலை, அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிய எல்லோருக்கும் தெரியும். படித்தவர்தான் யாரும் இல்லை. ஒரு மார்க் கேள்வி அது. 1941-இல் வெள்ளைக்கார அரசாங்கம் தடை செய்த குற்றால நாவல் எது என்று கேட்பார்கள். விடையைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். செவ்வியல் நாவல் என்று மேடையில் முழங்குகிறவர்களும் அந்த அளவுக்குத்தான் அதற்குள் நுழைந்திருக்கிறார்கள்.

நான் அந்த நாவலை ஆறு வருஷம் ஆராய்ந்தேன். என் பெயர் வேல்விழி. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அது வீட்டுக்குத் தெரியவருவதற்குள் பெயரைப் பதிவு செய்துவிட்டார்கள். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. தம்பி நல்லதம்பியின் குடும்பத்தோடு இருக்கிறேன்.

எனக்கு டாக்டர் பட்டம் வேண்டும். சம்பள உயர்வுக்காக இல்லை. பஸ்ஸில் ஏறினாலும் கோவில் வாசலில் நின்றாலும் பக்கத்தில் யாராவது ஒருவர் ‘பாவம்’ என்பார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொல்வார்கள். எனக்குக் கேட்கும். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று இருந்தால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்வார்கள் என்று நம்பினேன். அற்ப ஆசை என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாவலின் கதை சிக்கலானது இல்லை. மங்களா இருபத்திரண்டு வயதில் புருஷனை இழந்தவள். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களுக்குச் சத்திரம் நடத்துகிறாள். ஜமீனின் காரியஸ்தர் ஒருவர் அந்தச் சத்திரத்தைப் பிடுங்கப் பார்க்கிறார்; அவரை ஆசிரியர் வயிறு குலுங்கச் சிரிக்கும்படி கிண்டல் செய்திருப்பார். தடை உத்தரவின் நகல் என்னிடம் இருந்தது. 112 முதல் 119 வரையிலும், 163 முதல் 166 வரையிலும் உள்ள பக்கங்கள் ஆபாசமானவை என்று அதில் கண்டிருந்தது.

என் ஆய்வின் கண்டுபிடிப்பே இதுதான்: அந்தப் பக்கங்களில் ஆபாசமாக ஒரு வரிகூட இல்லை. ஆபாசம் என்பது சாக்கு. ஜமீனைக் கிண்டல் செய்ததற்காகத்தான் புத்தகத்தைத் தடை செய்தார்கள். தடை செய்தவர்களும் புத்தகத்தைப் படிக்கவில்லை, தடையைக் கண்டித்தவர்களும் படிக்கவில்லை என்று நான்காம் இயலில் கொஞ்சம் காரமாகவே எழுதியிருந்தேன். என் நெறியாளர் பரீது சார் அந்த இயலைப் படித்துவிட்டு, “இது ஒண்ணே போதும்மா, பட்டம் கையில வந்த மாதிரிதான்,” என்றார்.

நான் படித்தது எப்படி என்றும் சொல்லிவிட வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு, பழைய பக்க எண்கள் மாறாமல் வந்த ஒரே பதிப்பின் ஜெராக்ஸ் பிரதியைச் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தேன். அச்சு மங்கி, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. போனில் இருக்கிற வாசிப்புச் செயலி இரண்டு வரி முனகிவிட்டு நின்றுவிடும். ஆகவே அகிலாண்டம் டீச்சரிடம் போனேன்.

டீச்சர் மேலகரத்தில் இருக்கிறார். அறுபத்து மூன்று வயது. சமூக அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் லட்சுமிநாராயணன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவதை ஒரு நோன்புபோலச் செய்து வந்தார். நாவல் என்றதும், “பாடம் வாசிச்சு வாசிச்சு நாக்கு வறண்டுபோச்சு, கதையா கொண்டாட்டி,” என்று வாங்கிக்கொண்டார். தினமும் ஐந்தாறு பக்கம் வாட்ஸப்பில் வரும். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் வாசிப்பார். மேற்கோள் காட்ட எனக்கு அது வசதி. மேற்கோள்களையெல்லாம் காதால் கேட்டு நானே கணினியில் அடித்தேன்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து நான் எடுத்துக் காட்டியிருந்த பகுதி இது:

‘மங்களா நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி உப்பைத் திணித்தாள். சாரல் விட்டு வெயில் வரும் என்று காத்திருந்தால் பூசணம் பிடித்துவிடும். அடுப்புக்கு மேலே கொடி கட்டி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். உப்பு ஏற நாளாகும். அதுவரைக்கும் அதைத் தொடாமல் இருக்கத் தெரிய வேண்டும். அவள் தொடவில்லை.’

இந்த ஐந்தாறு வரிக்கு நான் மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். கைம்மை வாழ்வின் குறியீடு என்றேன். அடுக்களையை இவ்வளவு நுட்பமாகப் பார்த்த ஆண் எழுத்தாளர் அந்தக் காலத்தில் வேறு இல்லை என்றேன்.

வாய்மொழித் தேர்வு ஒரு வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். ஆனி மாதம், சீசன் உச்சத்தில் இருந்தது. செவ்வாய் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மேற்கோள்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று பதிவுகளை எடுத்தேன். வழக்கமாக எதையும் ஒன்றே முக்கால் வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன். அன்றைக்கு டீச்சரின் ஏற்ற இறக்கத்தோடு சொல்ல வேண்டும் என்று சாதாரண வேகத்தில் வைத்தேன்.

நூற்றுப் பதினொன்றாம் பக்கம் இரண்டரை நிமிஷம். நூற்றுப் பன்னிரண்டு நாற்பது வினாடி. அடுத்தது முப்பத்தைந்து. நூற்றுப் பத்தொன்பது வரைக்கும் எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தன. நூற்றிருபது மறுபடியும் இரண்டரை நிமிஷம்.

படம் போட்ட பக்கங்களோ என்று முதலில் நினைத்தேன். மறுபடி கேட்டேன். மற்றப் பக்கங்களில் தாள் புரளும் சத்தம் இருந்தது, வரி முடிகிற இடத்தில் குரல் ஒரு சின்னத் தட்டுத் தட்டியது, கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளும்போது ஒரு சொல் இழுபட்டது. இந்த எட்டுப் பக்கங்களில் அது எதுவும் இல்லை. வாசிக்கிற குரல் வேறு, சொல்கிற குரல் வேறு. டீச்சர் இங்கே வாசிக்கவில்லை, சொல்லிக்கொண்டிருந்தார். என் காதைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை! அந்தக் காது இவ்வளவு நாளும் நார்த்தங்காய் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

நூற்று அறுபத்து மூன்றையும் போட்டுப் பார்த்தேன். அங்கே மங்களா நான்கு பக்கத்துக்கு அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அதுவும் நாற்பது நாற்பது வினாடிதான்.

அப்போது கடையிலிருந்து நல்லதம்பி வந்தான். ஜெராக்ஸ் கட்டை அவனிடம் கொடுத்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். “மங்களா கதவைத் தாழிட்டாள்…” என்று ஆரம்பித்தான். இரண்டு வரியில் குரல் கம்மியது. இருமினான்.

“என்னலே?”

“போன் வருதுக்கா,” என்று எழுந்து போய்விட்டான். எந்தப் போனும் அடிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அபர்ணாவிடம் கொடுத்தேன். அவளுக்கு இருபத்தாறு வயது, எதற்கும் கூசாத பெண் என்று பெயர். மூன்று வரி வாசித்தாள், நிறுத்தினாள், சிரித்தாள். “மிச்சத்த நான் படிச்சிட்டு உங்களுக்கு ஷார்ட்டா சொல்லட்டாக்கா?”

“நார்த்தங்காய் வருதா?”

“நார்த்தங்காயா? ஒரு காயும் இல்லக்கா. இது வேற மேட்டரு. ரொமான்ஸ்தான்… கொஞ்சம் தூக்கலா இருக்கு.”

“வாசி.”

“ஸ்டாஃப் ரூம்லயா? ஹெச்செம் வேற வர்ற நேரம்…”

எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. கண் உள்ளவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கூச்சமாக இருந்தால் மனசுக்குள் படித்துக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எனக்கு வருகிற ஒவ்வொரு சொல்லும் இன்னொருவர் வாய் வழியாகத்தான் வர வேண்டும். அவர் வெட்கப்பட்டால் எனக்கு அந்தச் சொல் இல்லை. வெள்ளைக்காரன் போட்ட தடையை ஏழே வருஷத்தில் எடுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் அது அப்படியே இருந்திருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆட்டோ பிடித்து மேலகரம் போனேன். டீச்சர் காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தார். அடுத்த அறையில் அவர் மகன் ஸ்ரீகணேஷ் ஏதோ மீட்டிங்கில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். நடுவில் மரத்தட்டிதான். அவன் நாற்காலியை நகர்த்துவதுகூட இங்கே கேட்டது.

“டீச்சர், நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல என்ன இருக்கு?”

டீச்சர் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“நார்த்தங்காய் இல்லயாம்லா?”

“மெதுவா பேசுட்டி.” டீச்சரின் குரல் பக்கத்தில் வந்தது. “யாரு சொன்னா?”

“உங்க குரல்தான் சொல்லிச்சு.”

அவர் பெருமூச்சு விட்டார். “எப்படிட்டி வாசிக்கச் சொல்லுத? இங்கன இவன் உக்காந்திருக்கான். அங்கன மருமக அடுக்களையில நிக்கா. நடு வீட்டுல இருந்துகிட்டு, தாலியறுத்தவ ஒருத்தி ஒரு ஆம்பளைய உள்ள கூப்பிட்டுக் கதவடைச்சான்னு நான் சத்தம் போட்டு வாசிக்கவா? அதுவும் அவ கூப்பிடுதா. அவன் இல்ல.”

“வாசிக்க முடியலன்னு சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருக்கலாம். முதல் நாள் வெறுமனே விட்டுட்டுப் போவோம்னுதான் நெனச்சேன். பக்க நம்பர் எடறும், நீ கேப்ப. அதான் ஏதாவது சொல்லி ரொப்புவோம்னு… பொறவு பாத்துக்கோ, அது எனக்குப் பிடிச்சுப்போச்சு. அடுத்த பக்கத்துக்கு என்ன சொல்லலாம்னு காலையிலயே யோசிக்க ஆரம்பிச்சிட்டேன்.”

“அந்த நார்த்தங்காயை நான் மூணு பக்கம் புகழ்ந்து எழுதியிருக்கேன், டீச்சர்.”

“நெசமாவா?” இந்த ஒரு சொல்லில் அத்தனை சந்தோஷம் இருந்தது. எனக்கு அறையலாம்போல இருந்தது. “என்னன்னுட்டி எழுதியிருக்க?”

“அடுக்களையை இவ்வளவு நுட்பமா பாத்த ஆம்பள எழுத்தாளர் வேற இல்லன்னு.”

டீச்சர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கியதும் எனக்கு அழுகை வந்தது. ஆறு வருஷ வேலை நாசமாய்ப் போய்விட்டது என்று சொன்னேன். நாளைக்கு அதே எட்டுப் பக்கத்தை வைத்துத்தான் நான் நிற்க வேண்டும், அதில் இருப்பதெல்லாம் பொய் என்று சொன்னேன். இப்போதாவது வாசியுங்கள் என்று ஜெராக்ஸை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. “என்னால முடியாதுட்டி. பதிவுன்னா அது போன்ல கெடக்கும். நாலு பேருக்குப் போவும். நான் செத்த பொறவும் என் குரல் அதச் சொல்லிக்கிட்டே இருக்கும். எம் பேத்தி அனன்யா கேப்பா.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாளைக்கு என்ன வேணாலும் சொல்லு. எம் பேரை மட்டும் சொல்லிராத. இவனுக்குத் தெரிஞ்சா நான் இந்த வீட்டுல தலைநிமிர்ந்து இருக்க முடியாது.”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்காக இருநூற்று முப்பது பக்கம் தொண்டைத் தண்ணீர் வற்ற வாசித்தவர். பன்னிரண்டு பக்கம்தான் ஏமாற்றினார்.

வீட்டுக்கு வந்து பரீது சாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன், வாசித்தவர் பெயரைத் தவிர.

“நீங்க படிச்சிருப்பீங்கல்ல சார்? எப்படி சார் கண்டுபிடிக்காம விட்டீங்க?”

“எங்கம்மா நேரம்? உன் இயலத்தான் படிச்சேன். மூலத்த… உண்மையச் சொல்லணும்னா, படிச்சதில்ல.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “வர்ற புறத்தேர்வாளரும் படிச்சிருக்க மாட்டாரு, எழுதி வச்சுக்கோ. நாளைக்கு நல்லபடியா முடிச்சிரு. புத்தகமா போடுதப்போ திருத்திக்குவோம். வாய மட்டும் தொறந்துராத.”

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொன்னார். நானும் அதைத்தான் செய்வது என்று முடிவு செய்துகொண்டு சாப்பிட்டேன். பொய்யென்று தெரிந்தேதான் முடிவு செய்தேன். எனக்கு அந்தப் பட்டம் அவ்வளவு வேண்டியிருந்தது.

தேர்வு நடந்த கல்லூரி ஐந்தருவிப் பாதையில் இருக்கிறது. காலையிலிருந்தே சாரல். நல்லதம்பி சால்வைகளையும், வந்தவர்களுக்கு மிக்சர், லட்டுப் பொட்டலங்களையும் தூக்கிக்கொண்டு வந்தான். கருத்தரங்கு அறையில் மாணவிகள் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள், வருகைப் பதிவுக்காகக் கொண்டுவந்து உட்காரவைத்திருப்பார்கள். பதினோரு மணிக்கு ஆரம்பிக்கும்போது நல்லதம்பி காதருகே வந்து, “மேலகரம் டீச்சர் வந்திருக்காங்கக்கா. மழைன்னு மகன் கார்ல கூட்டிட்டு வந்திருக்காரு. கடைசி வரிசையில இருக்காங்க,” என்றான். எனக்குத் திக்கென்றது.

இருபது நிமிஷம் பேசினேன். கைதட்டினார்கள். புறத்தேர்வாளர் மைக்கை வாங்கினார். நல்ல கனமான குரல். மேடைப் பழக்கம் உள்ளவர் என்று மூச்சு விடுவதிலேயே தெரிந்தது.

“அருமையான ஆய்வு. நான் இந்த நாவலை எண்பத்து நாலுல, எம்.ஏ. படிக்கும்போது ஒரே மூச்சில படிச்சவன். கதையெல்லாம் மறந்துபோச்சு. ஆனா ஒண்ணு மட்டும் மறக்கல. அந்த நார்த்தங்காய்! அடுப்புக்கு மேல கொடி கட்டித் தொங்கவிடுவா பாருங்க… நாப்பது வருஷமா அந்த உப்பு என் நாக்குல அப்படியே நிக்குது.”

மாணவிகள் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் பரீது சார் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. சொன்னேன் பார்த்தாயா என்கிற மூச்சு அது. இன்னும் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் டாக்டர் வேல்விழி.

என்னால் முடியவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். எரிச்சல்தான். இந்த மனிதருக்கு இரண்டு கண் இருக்கிறது. எந்த நூலகத்திலும் நுழைந்து, யாரையும் கெஞ்சாமல், புத்தகத்தை எடுத்துப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். நாற்பது வருஷமாக அதைச் செய்யாமல் இருந்திருக்கிறார்.

“ஐயா, அந்த நார்த்தங்காய் நாவலில் இல்லை,” என்றேன்.

“இல்லைன்னா?”

“எந்தப் பக்கத்திலும் இல்லை. தடை உத்தரவு சொன்ன பக்கங்களில் வேறு ஏதோ இருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. எனக்கு மாற்றிச் சொல்லப்பட்டது, நான் நம்பிவிட்டேன். என் நான்காம் இயல் முழுக்கத் தப்பு.”

பரீது சார் என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தார். காரியம் கைமீறிவிட்டது. அன்று எனக்குப் பட்டம் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்காம் இயலைப் புதிதாக எழுதி ஒரு வருஷத்துக்குள் மறுபடி சமர்ப்பிக்கும்படி எழுதிவிட்டுப் போனார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் புறத்தேர்வாளருக்குத் தன் மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. “நான் படிச்சது வேற பதிப்பா இருக்கலாம்,” என்றார். உடனே குரல் கடுமையானது. “உங்களுக்கு வாசிச்சுக் காட்டினது யாரு? ஒரு செவ்வியல் பிரதியில கைவைக்க அவங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது? பேரைச் சொல்லுங்க. அறிக்கையில எழுதணும்.”

“சரிபார்க்காமல் விட்டது என் தப்பு, ஐயா.”

“பேரைக் கேக்கறேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாணவிகள் குசுகுசுத்தார்கள். என்னைத் திருட்டுப் பிள்ளையை நிறுத்துவதுபோல நிறுத்திவைத்திருந்தார்கள். பேரைச் சொன்னால் பாதிப் பழி இறங்கிவிடும். சொல்லவும் வாய்வரைக்கும் வந்தது. வந்ததை மறைக்க விரும்பவில்லை.

“அது என் நார்த்தங்காய், சார்.”

கடைசி வரிசையிலிருந்து வந்தது குரல். அறை சட்டென்று அடங்கியது. செருப்புச் சத்தம் வரிசைகளுக்கு நடுவே மெதுவாக வந்து மேஜைப் பக்கம் நின்றது.

“நீங்க?”

“அகிலாண்டம். ரிட்டயர்டு டீச்சர். நான்தான் வாசிச்சேன். வாசிக்க வெக்கமா இருந்துச்சு, நானா ஒண்ணச் சொல்லி ரொப்பினேன். இவ மேல தப்பில்ல. இவ எம் பேரச் சொல்ல மாட்டா. நேத்து நான்தான் சொல்லாதன்னு கேட்டுக்கிட்டேன்.”

என் முன்னால் இருந்த ஜெராக்ஸ் கட்டை அவர் இழுத்தார். தாள்கள் புரண்டன. தன் பக்கம் திருப்பியபோது மைக் கரகரத்தது.

“இதுல என்ன இருக்குன்னு இந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது. உங்களுக்கும் தெரிஞ்ச மாதிரித் தெரியல. வாசிக்கேன்,” என்றார்.

வாசித்தார்.

‘மங்களா கதவைத் தாழிட்டாள். ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாகத் தன்னை ஒருவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை என்பது அவளுக்கு அப்போது நினைவு வந்தது. “என் பெயரைச் சொல்லு,” என்றாள். அவன் சொன்னான். “இன்னொரு தரம்,” என்றாள். பிறகு அவன் கையை எடுத்துத் தன் கழுத்தில், தாலி இருந்த இடத்தில் வைத்துக்கொண்டாள். வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பசிதான் வந்தது…’

“போதும்மா,” என்றார் புறத்தேர்வாளர். “விஷயம் புரிஞ்சுபோச்சு. லேடீஸ் ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் இருக்காங்க.”

“பக்கம் இன்னும் முடியல, சார்.”

மேலே வாசித்தார். குரல் ஒரு இடத்தில் நடுங்கியது, அதோடு சேர்த்தே வாசித்தார். மங்களா விளக்கை அணைக்கவில்லை. அவனைப் பார்க்க வேண்டும் என்றாள். தன்னையும் பார்க்கச் சொன்னாள். இன்றைய கணக்குக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவள் அவள், கேட்டதற்கு அவள் வருத்தப்படவே இல்லை. எதற்காகத் தடை செய்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜமீனாவது, காரியஸ்தராவது!

நூற்றுப் பதினான்காம் பக்கத்தின் நடுவில் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஷூ சத்தம் கதவு வரைக்கும் போனது. கதவு திறந்து மழைச் சத்தம் உள்ளே வந்தது, மூடியதும் நின்றது. டீச்சர் வாசிப்பதை நிறுத்தினார். மைக்கில் அவர் எச்சில் விழுங்குவது கேட்டது. போய்விடுங்கள் டீச்சர், மகன் பின்னால் போய்விடுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் விட்ட வரியிலிருந்து மறுபடி தொடங்கிவிட்டார். எட்டுப் பக்கமும் வாசித்தார். ஒரு மாணவிகூட எழுந்து போகவில்லை.

எல்லாம் முடிந்து தாழ்வாரத்துக்கு வந்தோம். லட்டுப் பொட்டலங்களை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம். பரீது சார் என்னிடம் பேசாமலே போனார். டீச்சர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை சில்லிட்டிருந்தது.

“கார் நிக்குதான்னு தம்பியப் பாக்கச் சொல்லுட்டி,” என்றார்.

நல்லதம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்தான். “இல்லக்கா. போயிட்டாரு.”

டீச்சருக்காக நான் பயந்தேன். என் ஒரு வருஷம் எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

“நூத்தி அறுபத்தி மூணுலருந்து நாலு பக்கம் பாக்கி இருக்கு,” என்றார். “உங்க வீட்டுக்குப் போவோம். போன எடுத்து வையி, இன்னைக்கே பதிஞ்சிருவோம்.”

“எங்க வீட்டுல தனி ரூம் கிடையாது டீச்சர். தம்பி, தம்பி பெண்டாட்டி, பிள்ளைக எல்லாரும் இருப்பாங்க. எல்லாருக்கும் கேக்கும்.”

“கேக்கட்டும்,” என்றார் டீச்சர்.